அப்டேட் போட்டதும் லாகின் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் போட்டுவிட்டு மடிவாளாவில் பஸ் ஏறுவார்கள். தொப்பூர் கணவாயை வண்டி தாண்டும் நேரத்தில் எனக்குப் போன் வரும். அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் லினக்ஸ் சர்வர்களைப் பற்றியவை: உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் குடும்பம். கட்டளைகளைப் போனில் வாயால் சொல்லியே பழக்கமாகிவிட்டதால், இங்கேயும் உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, லாகின் ஆகல. முதல்ல என்ன பண்ணட்டும்?

எதுவும் பண்ணாதீர்கள். ரீபூட் வேண்டாம், பாஸ்வேர்டு மாற்றவும் வேண்டாம். ஏற்கெனவே ஒரு டெர்மினல் உள்ளே திறந்திருந்தால் அதை மட்டும் மூடிவிடாதீர்கள். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. அந்த ஒரு ஜன்னல் இருக்கிறவரை பாதி இரவு மிச்சம்.

அடுத்து, எந்த லாகின் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "லாகின் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வாசல்கள் இருக்கின்றன. நீங்கள் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போவது ஒன்று. வாடிக்கையாளர் தளத்தின் லாகின் பக்கத்தில் போவது இரண்டு. பிரவுசரே சின்னப் பெட்டி காட்டிக் கேட்பது மூன்று. தளம் பின்னால் டேட்டாபேஸுக்குள் போவது நான்கு. நான்காவது வாசல் மூடியிருந்தால் இரண்டாவது வாசலில் நிற்பவருக்கும் "தவறான பாஸ்வேர்டு" என்றே காட்டும் தளங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கதவு மூடியிருக்க, வேறொரு கதவின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் எனக்குப் போன் செய்தவர்களில் பாதிப் பேர்.

எஸ்எஸ்எச் காட்டும் பிழைச் செய்தியில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

நிறைய இருக்கிறது. "பெர்மிஷன் டினைடு" என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்களோடு பேசவும் செய்தது, ஆனால் உங்களை ஏற்கவில்லை. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் அந்த போர்ட்டில், அதாவது எண் போட்ட நுழைவில், கேட்பதற்கு ஆளில்லை, அல்லது ஃபயர்வால் முகத்தில் அறைந்தாற்போல் திருப்பி அனுப்புகிறது. "டைம்டு அவுட்" என்றால் நீங்கள் அனுப்பியது வழியிலேயே விழுங்கப்பட்டது. முதலாவது சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலான கோப்பு) அல்லது பாஸ்வேர்டு விஷயம். மற்ற இரண்டுக்கும் பாஸ்வேர்டோடு சம்பந்தமே இல்லை.

என்ன மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் தானாகவே அப்டேட் ஆகிறது.

தானாக ஆனாலும் கணக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். உபுண்டு, டெபியனில் லாக் அடைவுக்குள் (அடைவு என்றால் ஃபோல்டர்) ஆப்ட் என்ற அடைவில் ஹிஸ்டரி கோப்பு இருக்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் "டிஎன்எஃப் ஹிஸ்டரி" என்று அடித்தால் போதும். லாகின் நின்ற நேரத்தையும் பொதி (பேக்கேஜ்) மாறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லாகின் முயற்சிகளின் லாக் வேறு இடத்தில் இருக்கிறது. "டெபியன் 12ல் ஆத்.லாக் கோப்பையே காணோம், யாரோ அழித்துவிட்டார்கள்" என்று ஒரு தம்பி பதறிவிட்டான். யாரும் அழிக்கவில்லை. 2023ல் வந்த அந்தப் பதிப்பைப் புதிதாக நிறுவினால் லாகைக் கோப்பாக எழுதும் ஆர்சிஸ்லாக் பொதி கூடவே வருவதில்லை. எல்லாம் ஜர்னல் என்ற சிஸ்டத்தின் சொந்தப் பதிவேட்டுக்குள் இருக்கும். "ஜர்னல்சிடிஎல், ஹைஃபன் யு, எஸ்எஸ்எச்" என்று கேட்டுப் பாருங்கள். ரெட்ஹேட்டில் அந்தச் சேவையின் பெயரில் கடைசியில் ஒரு டி சேரும்.

அப்டேட் நடுவில் ஒரு கேள்வி கேட்டது. ஏதோ ஒன்றை அழுத்திவிட்டேன்.

பாதிக் கதை அங்கேதான். "இந்தக் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, எங்களுடையதைப் போடவா?" என்று கேட்டிருக்கும். பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஏதோ ஒன்றுக்கு என்டர் தட்டியிருப்பீர்கள். புதியதை ஏற்றிருந்தால், நான்கு வருடங்களாகச் சேர்த்துவைத்த திருத்தங்கள் போயிருக்கும். பழையதை வைத்திருந்தால், புதிய பதிப்புக்குப் புரியாத வரிகள் உள்ளேயே நிற்கும்.

நல்ல வேளையாக இரண்டில் எதையும் அது வீசி எறிவதில்லை. டெபியன் வகையில் டிபிகேஜி-ஓல்டு, டிபிகேஜி-டிஸ்ட் என்ற வால்களோடும், ரெட்ஹேட் வகையில் ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்ற வால்களோடும் கோப்புகள் கிடக்கும். கான்ஃபிக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவு முழுக்க அந்த வால்களைத் தேடுங்கள். கிடைத்ததை இப்போதைய கோப்போடு டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.

நேற்றுவரை வேலை செய்த எஸ்எஸ்எச் சாவி இன்று ஏன் செல்லவில்லை? சாவியை யாரும் தொடவில்லையே.

சாவி நல்ல சாவிதான். அதைக் கொண்டு போடும் கையெழுத்து பழையது. ஆர்எஸ்ஏ என்ற வகைச் சாவியால் கையெழுத்திட முன்பு ஷா-1 என்ற முறை பயன்பட்டது. அது பலவீனமானது என்று தெரிந்ததால், 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (லினக்ஸ் சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்) 8.8 அதை இயல்பாகவே ஏற்பதில்லை. உபுண்டு 20.04ல் இருந்தது 8.2, 22.04ல் இருப்பது 8.9. ஆகவே 20.04லிருந்து 22.04க்குத் தாவிய இரவில் இது வெடிக்கும்.

"ஆர்எஸ்ஏ செத்துப்போச்சு" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அப்படி இல்லை. அதே சாவியால் ஷா-2 முறையில் கையெழுத்திடலாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2க்கு, அதாவது 2016க்குப் பிந்தைய கிளையன்ட் (உங்கள் பக்கத்து நிரல்) என்றால் அது தானாகவே அப்படித்தான் செய்யும். மாட்டிக்கொள்பவர்கள் பழைய புட்டி (விண்டோஸில் எஸ்எஸ்எச் நிரல்) வைத்திருப்பவர்களும், பழைய ஜாவா நூலகத்தை நம்பி ஓடும் பேக்கப் நிரல்களும்தான். சர்வர் லாகில் "கீ டைப் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ நாட் இன் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரியான வைத்தியம் கிளையன்டைப் புதுப்பிப்பது, அல்லது இடி25519 வகையில் புதிய சாவி உருவாக்குவது. இன்றிரவே ஓட வேண்டும் என்றால், சர்வர் கான்ஃபிக்கில் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் வரியில் கூட்டல் குறி போட்டு எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏவைச் சேர்க்கலாம். ரெட்ஹேட் 9ல் அது மட்டும் போதாது. கணினி முழுமைக்குமான கிரிப்டோ கொள்கையும் ஷா-1ஐத் தடுக்கும். எதைத் திறந்தாலும் திங்கட்கிழமை மூட வேண்டும் என்று காலண்டரில் எழுதிவிடுங்கள். எழுதாதவர்கள் மூடுவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாவி, கிளையன்ட் எல்லாம் புதுசு. ஆனாலும் மறுக்கிறது.

ஹோம் அடைவின் அனுமதியைப் பாருங்கள். உங்கள் ஹோம் அடைவிலோ அதற்குள் இருக்கும் எஸ்எஸ்எச் அடைவிலோ வேறொருவர் எழுத முடியும் என்றால் சர்வர் அந்தச் சாவிப் பட்டியலையே நம்பாது. எஸ்எஸ்எச் அடைவுக்கு 700, சாவிப் பட்டியல் கோப்புக்கு 600: இரண்டும் உரிமையாளருக்கு மட்டும். அப்டேட்டுக்கு முன் இடம் ஒழித்தபோது யாராவது ஹோம் அடைவுக்கு 777 (எல்லோரும் எழுதலாம்) போட்டிருப்பார்கள்.

பாஸ்வேர்டு லாகினை அனுமதித்துத்தான் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் எழுதியிருக்கிறேன். ஏன் கேட்கவில்லை?

அந்தக் கோப்பில் முதலில் வரும் மதிப்பே செல்லும்; பின்னால் வருவது பேச்சுக்குக்கூட எடுக்கப்படாது. மற்ற நிரல்களில் கடைசி வரி ஜெயிக்கும் பழக்கத்தில் இருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உபுண்டுவில் கோப்பின் தலையிலேயே பக்கத்து அடைவின் துண்டுக் கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. கிளவுட் சர்வரில் 50 என்ற எண்ணோடு கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் சர்வரை அமைக்கும் நிரல்) எழுதிவைத்த துண்டு அங்கே உட்கார்ந்திருக்கும். நீங்கள் கீழே எழுதியதை அது எப்போதோ தோற்கடித்துவிட்டது.

ஊகிக்க வேண்டாம். "எஸ்எஸ்எச்டி, ஹைஃபன், பெரிய டி" என்று ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக) ஓட்டினால் கடைசியில் எது செல்லுபடியாகிறது என்று அதுவே ஒப்பிக்கும். சின்ன டி போட்டால் கோப்பில் எழுத்துப்பிழை உண்டா என்று மட்டும் பார்க்கும்.

போர்ட்டை 2222 என்று மாற்றி வைத்திருந்தேன். அப்டேட்டுக்குப் பிறகு ரெஃப்யூஸ்டு.

உபுண்டு 22.10லிருந்து போர்ட்டில் காது வைத்திருப்பது எஸ்எஸ்எச் இல்லை, சிஸ்டம்டியின் (சேவைகளை நடத்தும் நிரல்) சாக்கெட். எனவே போர்ட்டை மாற்றிவிட்டு எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய போர்ட்டே தொடரலாம். "சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு" கொடுத்து, பிறகு எஸ்எஸ்எச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குள் எஸ்எஸ்எச்சின் இயல்பான போர்ட்டான 22ஐயும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அங்கே திறந்திருக்க வாய்ப்புண்டு.

தளத்தில் சரியான பாஸ்வேர்டு போட்டாலும், பிழை எதுவும் சொல்லாமல் திரும்ப லாகின் பக்கத்துக்கே வருகிறது.

எனக்குப் பிடித்த கேள்வி இது. முதலில் வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டு போடுங்கள். "தவறு" என்று தளம் திட்டினால் சந்தோஷப்படுங்கள்: டேட்டாபேஸ் சரி, பாஸ்வேர்டு சோதனை சரி. சரியான பாஸ்வேர்டுக்கு மட்டும் மௌனமாகத் திருப்பி அனுப்புகிறது என்றால், உள்ளே விட்ட ஆளை அடுத்த நொடியே மறந்துவிடுகிறது என்று பொருள். செஷன், அதாவது உள்ளே வந்தவர் யார் என்ற குறிப்பு, எழுதப்படவில்லை.

ரெட்ஹேட் குடும்பத்தில் பிஎச்பி (தளம் எழுதும் மொழி) செஷன் கோப்புகள் விழும் அடைவு, அப்பாச்சி (வெப் சர்வர்) குழுவுக்குச் சொந்தமாக வரும். நீங்கள் என்ஜின்எக்ஸ் (இன்னொரு வெப் சர்வர்) பயனர் பெயரில் பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பியைத் தனியாக ஓட்டும் சேவை) ஓட்டுகிறவர் என்றால், முதல் நாளே அடைவின் உரிமையை மாற்றியிருப்பீர்கள். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து பிஎச்பி பொதி அப்டேட் ஆகும்போது, தன் அடைவின் உரிமையைப் பழையபடி அப்பாச்சிக்கே எழுதிவைத்துவிடும். அவ்வளவுதான், யாராலும் உள்ளே போக முடியாது. சிக்பேட்டையில் ஒரு பட்டுக்கடையின் பில்லிங் தளம் தீபாவளிக்கு முந்தைய வாரம் இப்படி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முப்பது ஊழியர்களுக்கும் புது பாஸ்வேர்டு போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பதும் வேலை செய்யவில்லை. கடைக்காரர் கடைசியில் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

அங்கேயும் 777 போடும் கை நீளும். போடாதீர்கள். அந்த அடைவில் எழுத முடிந்த எவரும் அடுத்தவர் செஷனோடு விளையாடலாம். உங்கள் தளத்துக்கென்று தனி அடைவு உருவாக்கி, எஃப்பிஎம் பூல் கோப்பில் செஷன் சேவ் பாத் என்று அதைக் குறிப்பிடுங்கள். பொதிக்குச் சொந்தமில்லாத அடைவை அப்டேட் தொடாது. எஸ்இலினக்ஸ் (அனுமதிக்கு மேல் கூடுதல் காவல்) ஓடுகிறதென்றால் பழைய அடைவின் முத்திரை என்ன என்று "எல்எஸ், ஹைஃபன், பெரிய இசட்" போட்டுப் பார்த்து, அதையே புதியதற்கும் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "அனுமதி எல்லாம் சரியா இருக்கே அண்ணா" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

உரிமை சரி என்றால் இடத்தைப் பாருங்கள். "டிஎஃப், ஹைஃபன் எச்" காலியிடம் காட்டும். அதோடு நிறுத்தாமல் "டிஎஃப், ஹைஃபன் ஐ" போடுங்கள். லட்சக்கணக்கான குட்டிச் செஷன் கோப்புகள் ஐநோடு (கோப்புக்கு ஒன்று என்று டிஸ்க் வைத்திருக்கும் இடக்குறிப்பு) எண்ணிக்கையைத் தின்றுவிட்டால், ஜிபி கணக்கில் இடம் இருந்தும் ஒரு கோப்புகூட உருவாகாது.

இரண்டும் சரி என்றால் குக்கீ. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, சர்வர் கொடுத்த குக்கீ அடுத்த கோரிக்கையில் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80லிருந்து, சேம்சைட் என்று எதுவும் குறிப்பிடாத குக்கீயை லேக்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் பெரும்பாலான கோரிக்கைகளோடு போகாது) என்றே பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. பேங்க் பக்கம் போய்த் திரும்பும்போது மட்டும் லாகின் கழன்றுவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே நேரத்தில் தப்பு என்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

ஆகியிருக்கலாம். ஆனால் அப்டேட் நடந்த அதே இரவு என்றால் முதலில் டேட்டாபேஸைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) 8.0 வந்தபோதே கேச்சிங் ஷா2 என்ற புதிய அடையாளச் சோதனையை இயல்பாக்கியது. 2024ல் வந்த 8.4ல் பழைய நேட்டிவ் முறை அணைத்துவைக்கப்பட்டது, 9.0ல் அதை நீக்கியேவிட்டார்கள். பழைய முறையில் உருவாக்கிய டேட்டாபேஸ் பயனரை வைத்து ஓடும் தளம் அப்படியே நிற்கும். பிஎச்பி 7.4க்கு மேல் இருந்தால், அந்தப் பயனரைப் புதிய முறைக்கு மாற்றினாலே போதும்.

வேர்ட்பிரஸ் 6.8 (2025 ஏப்ரல்) பயனர் பாஸ்வேர்டுகளை பிகிரிப்ட் என்ற மறைத்துச் சேமிக்கும் முறைக்கு மாற்றியது. பழைய பாஸ்வேர்டுகள் தளத்தில் தொடர்ந்து செல்லும். ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போது புதிய வடிவத்தில் திரும்ப எழுதப்படும். சிக்கல் வருவது, அதே பயனர் அட்டவணையை நேராகப் படிக்கும் பக்கத்து மென்பொருளுக்கு. அதற்குப் புதிய வடிவம் தெரியாது. பயந்துபோய் 6.7க்குத் திரும்பினாலோ, இடையில் லாகின் செய்தவர்கள் எல்லாம் வெளியே நிற்பார்கள்.

ஓடிபி செயலி காட்டும் ஆறு இலக்கம் தப்பு என்கிறது.

சர்வர் கடிகாரம். அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கணக்கு உலக நேரத்தில் (யுடிசி) நடப்பதால் டைம்ஸோன் எதுவானாலும் பாதகமில்லை. ஆனால் யாராவது "நேரம் தப்பா இருக்கே" என்று யுடிசியில் இருந்த சர்வருக்கு நம்மூர் நேரத்தைக் கையால் வைத்துவிட்டால் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிவிடும். "டைம்டேட்சிடிஎல்" அடித்து, நேர ஒத்திசைவு நடக்கிறதா என்று பாருங்கள். குரோனி, சிஸ்டம்டி-டைம்சிங்க்டி, என்டிபி ஆகிய நேர நிரல்களில் ஒன்று மட்டும் ஓட வேண்டும். அப்டேட்டில் ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கலாம்.

இது வெறும் வசதிக்காக மட்டும் இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் இட்ட உத்தரவுப்படி, சர்வர் கடிகாரங்களை அரசின் என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு சேர்த்துவைக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். ஊடுருவல் என்று தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் சொல்ல வேண்டும். முந்தைய கேள்வியில் "ஹேக் ஆகிவிட்டதா" என்று கேட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடம் ஒழிக்கிறேன் என்று லாகை அழித்துவிட்டால் பதில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

வீட்டிலிருந்து போகிறது, ஆபீஸிலிருந்து போகவில்லை.

ஆபீஸ் ஐபி தடைப்பட்டிருக்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று உறுதி செய்யுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மாடி முழுக்க இருக்கும் நூறு பேரும் வெளியுலகுக்கு ஒரே ஐபிதான். யாரோ ஒருவருடைய கணினியில் பழைய சாவியோடு ஒரு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். தோற்கும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் பொறுமை இழந்து எல்லோரையும் சேர்த்துப் பூட்டிவிடும். "ஃபெயில்2பேன்-கிளையன்ட்" மூலம் தடையை நீக்கலாம். தட்டுகிற நிரலை நிறுத்தாவிட்டால் திரும்பவும் பூட்டும்.

ஃபெயில்2பேனில் தடையே தெரியவில்லை என்றால் ஓப்பன்எஸ்எஸ்எச் பதிப்பைப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த 9.8லிருந்து, அடிக்கடி தோற்கும் முகவரிகளை எஸ்எஸ்எச் தானே சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும். அதே பதிப்பில் லாகில் எழுதும் நிரலின் பெயரும் மாறியது. எனவே பழைய ஃபெயில்2பேன் விதிகள் ஒன்றையும் பிடிக்காமல் சும்மா இருக்கவும் கூடும்.

"சிஸ்டம் இஸ் பூட்டிங் அப்" என்று சொல்லி வெளியே தள்ளுகிறது.

இரண்டு நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஏதோ ஒரு சேவை தொடங்க முடியாமல் திணறுகிறது. ரூட்டாக நுழைய வழியிருந்தால் ரன் அடைவில் நோலாகின் கோப்பு நிற்பதைப் பார்க்கலாம்.

பக்கம் திறக்கிறது, ஏபிஐ (நிரலோடு நிரல் பேசும் வழி) லாகின் மட்டும் 401 (அனுமதி இல்லை).

மாட்-பிஎச்பியிலிருந்து (அப்பாச்சிக்குள்ளேயே ஓடும் பிஎச்பி) எஃப்பிஎம்முக்கு மாறினீர்களா? அப்பாச்சி, ஆத்தரைசேஷன் ஹெட்டரை (லாகின் விவரம் வரும் வரி) பின்னால் அனுப்பாமல் தானே வைத்துக்கொள்ளும். சிஜிஐபாஸ்ஆத் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள்.

எந்த வழியிலும் உள்ளே போக முடியவில்லை. இப்போது?

கிளவுட் நிறுவனத்தின் கன்சோல். நம்மவர்களில் பலர் சர்வரை அமேசானின் மும்பை மண்டலத்தில் வைத்திருப்பதால் அதையே சொல்கிறேன். சீரியல் கன்சோல் (நெட்வொர்க் இல்லாமலே நுழையும் திரை) கிடைக்கும் வகை மெஷின் என்றால் அதில் நுழையலாம். ஆனால் பாஸ்வேர்டு உள்ள ஒரு பயனர் முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷினை நிறுத்தி, டிஸ்கைக் கழற்றி, இன்னொரு மெஷினில் மாட்டி, கான்ஃபிக்கைத் திருத்தி, திரும்ப மாட்டுவதுதான் வழி. மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. எஸ்இலினக்ஸ் இருந்தால், திருத்திய கோப்பின் முத்திரை போயிருக்கும். டிஸ்கின் தலையில் ஆட்டோரீலேபல் என்று புள்ளியில் தொடங்கும் வெற்றுக் கோப்பை வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பேசாமல் பழைய பதிப்புக்கே போய்விடலாமா?

எஸ்எஸ்எச் என்றால் கூடாது. 2024 ஜூலையில் வெளிவந்த ரெக்ரெஷன் ஓட்டை 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகளைப் பாதித்தது. சிவிஇ (ஓட்டைகளின் பொதுப் பதிவு) எண் 2024-6387. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து ரூட் ஆக வழி தந்த ஓட்டை அது. உங்களை உள்ளே விடுவதற்காக எல்லோரையும் உள்ளே விட வேண்டாம். டேட்டாபேஸ் என்றால் முடியவே முடியாது: மைஎஸ்க்யூஎல் 8 தொட்ட தரவை 5.7 திறக்காது. அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் (முழு நகல்) இருந்தால் அதற்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு வந்த ஆர்டர்கள் போய்விடும் என்று முதலாளியிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்களிடம் கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும்?

லாகின் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் எனக்கு எதற்கு? எல்லா லாகின் பக்கமும் ஒரே மாதிரிதான். எந்த வாசல் என்று ஒரு வரி. கடைசியாக எப்போது வேலை செய்தது என்று ஒரு நேரம். ஹிஸ்டரியில் அன்று மாறிய பொதிகள். தோற்ற நொடிக்கு முன்னும் பின்னும் சர்வர் லாகில் இருபது வரிகள், பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் பெயரும் மறைத்து. பஸ்ஸிலிருந்து அழைப்பதானால் தருமபுரிக்கு முன்பே அழையுங்கள்.